கோணல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும்

பழைய வீட்டில் குடியிருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. மாலையில் விளக்கை ஏற்றிச் சுவரின் ஓரமாகக் கொண்டுசென்றால், பகலில் சமமாகத் தோன்றிய சுவரெங்கும் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். ஓரிடத்தில் வயிறு தள்ளியிருக்கும். வேறிடத்தில் பூச்சு உதிர்ந்து குழி விழுந்திருக்கும். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பொரிந்து, தொட்டால் மாவாகக் கொட்டும். "ஒரு கொத்தனாரை அழைத்துச் சிமெண்டு பூசிவிட்டால் தீர்ந்தது" என்பதே இன்று யாவர் வாயிலும் முதலில் வருகின்ற தீர்ப்பு. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அத்தீர்ப்பு பொருந்தாது. அது ஏன் பொருந்தாது என்பதையும், அதற்கு மாறாகச் செய்யத்தக்கது யாது என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். இதில் நூல்களைப் படித்து அறிந்ததும் உண்டு. கைப்பொருளை இழந்து கற்றதும் உண்டு.

இழந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்ப வீடு இராசிபுரத்துப் பக்கம் நெசவாளர் தெரு ஒன்றில் இருக்கிறது. மண் குழைத்து வைத்த சுவர், மேலே நாட்டோடு, ஆசாரத்தில் குழித்தறி. வீட்டில் ஒரு திருமணம் நெருங்கியது. வருகின்ற உறவினர் முன்னே சுவர் அழகாக இருக்கவேண்டும் என்ற அவசரத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்துத் தறிக்குப் பின்னுள்ள சுவரை நெஞ்சுயரம் வரை பூசச் சொன்னேன். கொத்தனார் கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்தார். அவர்மீது குறையொன்றும் இல்லை. முதல் ஆண்டு சுவர் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டாம் ஆண்டு, முன்பு முழங்காலளவில் நின்ற உப்பு வரி சிமெண்டுக்கு மேலே நெஞ்சுயரத்தில் வெள்ளையாகப் பூத்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில், ஓர் இரவு, கதவளவுள்ள ஒரே பாளமாகப் பூச்சு பெயர்ந்து தறியின்மேல் விழுந்தது. நல்லவேளையாக அப்போது குழியில் ஆள் இல்லை. ஆனால் தறியில் ஏற்றியிருந்த பட்டுப்பாவு சேறும் சுண்ணாம்பும் பட்டு வீணாயிற்று. பாளம் பெயர்ந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். மண்சுவர் பிசைந்த மாவைப்போல் ஈரமாக இருந்தது.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து ஒழுகவில்லை, ஓட்டை முன்பே மாற்றியிருந்தோம். அது நிலத்திலிருந்து ஏறிய ஓதம். இக்காலத்து வீடுகளில் அடித்தளத்துக்குமேல் ஓதந்தடுக்கும் படை ஒன்றை இட்டுச் சுவரெழுப்புகிறார்கள். பழைய வீடுகளில் அது கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் சுவர் நிலத்தின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்நீர் சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் உலர்ந்து போய்விடுமானால் தீங்கு ஒன்றும் இல்லை. மண்பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் நுண்ணிய துளைகள் உள்ளவை. ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். சிமெண்டுப் பூச்சு இறுக்கமானது. அதைப் பூசினால் ஈரத்துக்கு வாயில் அடைபடுகிறது. அடைபட்ட ஈரம், திறந்த இடம் கிடைக்கும்வரை மேலே மேலே ஏறுகிறது. நீரில் கரைந்து வந்த உப்பு, நீர் உலருமிடத்தில் பளிங்காகிப் பருத்துப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மேலும், மண்சுவர் ஈரத்தில் சற்றே விரிந்து வெயிலில் சற்றே சுருங்கும்; சிமெண்டு அதனோடு இசைந்து அசையாது. இரண்டும் நாளடைவில் பிரிந்துவிடுகின்றன. பூச்சு சுவரில் ஒட்டிநிற்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், அது தன் விறைப்பினாலேயே தனித்து நின்றுகொண்டிருக்கும்.

சிமெண்டு தன்னளவில் நல்ல பொருளே என்பதை மறுப்பாரில்லை. கான்கிரீட் தளத்துக்கும், புதிய செங்கற்சுவருக்கும், நீர்த்தொட்டிக்கும் அது மிக உகந்தது. ஆனால் நம் பாட்டனார் காலத்து வீடு அதனை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதன்று. இதன் வரலாற்றைச் சிறிது நினைத்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1904-இல் சென்னையில் அதனைச் செய்யத் தலைப்பட்டார்கள். நம் பக்கத்தில் சங்ககிரி ஆலை 1963-இல் வந்தது. ஆலை வந்ததும் எல்லார்க்கும் தாராளமாகக் கிடைத்துவிட்டது என்று நினைப்பது தவறு. விலைக்கும் விநியோகத்துக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு நீண்டகாலம் இருந்தது. 1982-இல் அது ஓரளவு தளர்ந்து, 1989-இல்தான் முற்றிலும் நீங்கியது. ஆகவே அதற்கு முன் எளிய குடும்பங்கள் கட்டிய வீடுகளில் மண், சுண்ணாம்பு, செங்கல், கருங்கல் ஆகியவையே பெரிதும் இடம்பெற்றன. "சுண்ணாம்பு பலமற்றது, அதனாலன்றோ கைவிட்டார்கள்" என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் கலந்த காரையால் கட்டப்பட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

கோணலின் காரணத்தைக் காணுதல்

கோணலான சுவரைக் கண்டதும் கரணையை எடுப்பது, காய்ச்சலென்றதும் காரணம் கேளாமல் மருந்து புகட்டுவதை ஒக்கும். பூச்சு மட்டும் கோணலா, சுவரே கோணலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நெசவாளர் வீடுகளில் இதற்குத் தனிக் காரணங்கள் சில உண்டு. பொதுவான கட்டட நூல்களில் அவற்றைக் காண இயலாது.

முதலாவது குழித்தறி. தறிக்குழி இரண்டடிக்குக் குறையாத ஆழமுடையது. மண்சுவரின் அடித்தளமும் பல வீடுகளில் ஏறக்குறைய அவ்வளவே இறங்கியிருக்கும். இடம் போதாமையால் குழியைச் சுவரையொட்டித் தோண்டிவிட்டால், அடித்தளத்தைத் தாங்கிநின்ற மண் குழிப்பக்கம் சரியத் தொடங்கும். சுவர் மெல்ல உட்பக்கம் வயிறு தள்ளும். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது சுவரிலிருந்து தள்ளி இருப்பது நலம். முன்பே ஒட்டித் தோண்டிய குழியாயின், அதன் சுவரோரப் பக்கத்தைச் செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டித் தாங்கல் கொடுக்காமல் மேலே பூச்சுப் பூசுவது வீண் செலவு.

இரண்டாவது சாயநீர். இப்போதைய சாயங்கள் பலவற்றுக்கு நூலில் நிறம் ஏறுவதற்காக உப்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். வீட்டிலேயே சிறிதளவு நூல் தோய்ப்பவர்கள் அந்நீரை முற்றத்தில் கொட்டிக் கொட்டி, சுவரடியில் உப்பை ஊட்டிவிடுகிறார்கள். ஈரநூலைக் கொம்பில் மாட்டிச் சுவரோரம் உலர்த்துவதும் அவ்வாறே. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத்து நண்பர்கள் "என்ன பூசினாலும் நிற்பதில்லை" என்று முறையிடும்போது, சுவரைப் பார்ப்பதற்கு முன் நீர் போகும் வழியைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் கலவைக்கும் அந்நீரையே ஊற்றிவிட்டு, உப்புப் பூக்கிறதே என்று வருந்துவோரும் உளர்.

விசைத்தறி ஓடும் வீடுகளில் அதிர்ச்சியினால் பூச்சு சுவரைவிட்டுக் கழலும்; தறியின் கால்கள் சுவரைத் தொடாதிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம். குடியானவர் வீடுகளில் நெல், கடலை மூட்டைகளைச் சுவரோடு சாத்தி அடுக்குவதும், சுவரின் மறுபுறம் மாட்டுத் தொழுவமோ எருக்குழியோ இருப்பதும் ஈரத்துக்கும் உப்புக்கும் வழி. தாழ்வாரத்து ஓடு ஒன்று நழுவியிருந்தாலும் போதும்.

எல்லா மேடும் நோயின் குறியென்று அஞ்சவேண்டியதில்லை. பொங்கல்தோறும் அடித்த வெள்ளை ஐம்பது, அறுபது படைகளாகச் சேர்ந்து தடித்துப் போவதாலும் சுவர் மேடு பள்ளமாகத் தெரியும். அதனைச் சுரண்டிவிட்டால் உள்ளே பழைய பூச்சு நன்றாகவே இருக்கக் காண்பீர்கள்.

நூலும் குண்டும்

அளப்பதற்கு நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுவரின் இரு கோடியிலும் ஆணி அடித்து, சுவர்முகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலை விறைப்பாகக் கட்டுங்கள். மேலிருந்து கீழாகத் தூக்குக்குண்டு விடுங்கள். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஓரடிக்கு ஓரிடமாக அளந்து, அங்கங்கே சுவரிலேயே சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள். அரைமணி நேரத்து வேலைதான். சுவரின் படம் முழுவதும் கண்முன் வந்துவிடும். அதன்பின் விரல் முட்டியாலோ கரணையின் மரப்பிடியாலோ தட்டிக்கொண்டே செல்லுங்கள். ஒட்டியுள்ள பூச்சு கெட்டியாக ஒலிக்கும். கழன்ற பூச்சு வெறும் பானைபோல ஒலிக்கும். கழன்ற இடத்தைச் சுற்றிக் கரியால் வட்டமிடுங்கள்.

வெடிப்பு இருக்குமானால் அதன் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டித் தேதியை எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் காகிதம் கிழியாதிருந்தால், வெடிப்பு பழையது, நின்றுவிட்டது, பூசி அடைக்கலாம். கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். சுவரின் சாய்வோ வயிறோ இரண்டங்குலத்தைக் கடந்து வளர்ந்துகொண்டிருந்தால் அது பூச்சு வேலைக்குரிய நோயன்று. மழைக்காலத்துக்கு முன்பே கட்டடம் அறிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டவேண்டும். அச்சுவரோரம் பாயைவிரித்து எவரையும் உறங்கவைக்கலாகாது. மண்சுவர் மழைநாளில் முன்னறிவிப்பின்றிச் சரியக்கூடியது.

எதைக் கொத்துவது, எதை விடுவது

வட்டமிட்ட பகுதிகளைக் கொத்தி எடுக்கவேண்டும். ஒட்டிநிற்கும் பழைய பூச்சை விட்டுவிடவேண்டும். கொத்தனார்களில் பலருக்கு இது பிடிக்காது. முழுச்சுவரையும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவது அவர்களுக்கு எளிது; கூலிக்கணக்கும் தெளிவு. ஆனால் மண்சுவரில் முழுவதும் கொத்தும்போது உள்ளிருக்கும் சுவரும் சேர்ந்து பெயரும். ஓரங்குலப் பூச்சை எடுக்கப்போய் மூன்றங்குலச் சுவரை இழந்தவர்களை அறிவேன்.

இவ்விடத்தில் வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலேயரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் நம் இனத்தவர் என்றே சொல்லலாம்; துணிக்குக் கோலம் வரைந்தவர்; சாயம் தோய்த்தவர்; 1879-இல் தம் படுக்கையறையிலேயே ஒரு தறியை நிறுத்தித் தாமே நெய்து பழகியவர். பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதாகச் சொல்லி அவற்றின் பழம்பூச்சைச் சுரண்டியெடுத்த செயலை எதிர்த்து 1877-இல் அவர் ஒரு சங்கம் தொடங்கினார். சுரண்டலை எதிர்க்கும் சங்கம் என்றே அதற்குச் செல்லப்பெயர். அந்தச் சங்கம் இன்றும் நடைபெறுகிறது. பழைய சுவரை நேராக்கிப் புதிதாகக் காட்டுவதைவிட அது உதிராமல் காப்பதே மேல் என்பது அவர்களுடைய கொள்கை. சிறு வீட்டுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

ஆகையால் எழுதிவைத்த அளவுகளை இவ்வாறு படியுங்கள். நூலுக்கு அரையங்குலம் இப்புறமும் அப்புறமும் உள்ள மேடுபள்ளம், பூச்சு உறுதியாக இருந்தால், அப்படியே இருக்கட்டும். வெள்ளையடித்த பின் கண்ணுக்குத் தெரியாது. ஓரங்குலம் வரையுள்ள பள்ளத்தை இரண்டு மூன்று படைகளாகப் பூசிச் சரிசெய்யலாம். அதற்கு மேற்பட்ட பள்ளத்தில் வெறுங்கலவையை அப்பினால் சுருங்கி வெடிக்கும். உடைந்த ஓட்டுச் சில்லுகளையும் செங்கல் சில்லுகளையும் கலவையில் பதித்து முதலில் நிரப்பிக்கொண்டு, அது இறுகியபின் பூசவேண்டும். சுவர் முழுவதும் ஒரே கோட்டில் நேராக வரவேண்டுமென்று பிடிவாதம் செய்தால், ஒரு மூலையில் மூன்றங்குலக் கனத்துக்குக் கலவை ஏறும். அதன் எடையே பூச்சைக் கீழே இழுத்துவிடும். நேர் வேண்டிய இடங்கள் சிலவே: கதவு நிலையின் ஓரம், பலகை பொருத்தும் இடம், தறித்தூண் நிற்கும் இடம்.

சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு நீங்கி, தூய கல்லாயின் 100 பங்கு எடை 56 பங்காகக் குறைகிறது. அதனை நீரில் நீற்றி, மணலோடு கலந்து சுவரில் பூசியபின், காற்றிலுள்ள கரியமிலவாயுவை அது மெல்ல மெல்லத் திரும்ப உட்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லாயிருந்தது கல்லாகவே சுவரில் அமருகின்ற இந்தச் சுற்றுக்கு நாள் பிடிக்கும். அதனாலேயே சுண்ணாம்பு வேலையில் அவசரம் ஆகாது.

நம் பகுதியில் சுண்ணாம்பு பலவகை. இந்தியத் தரக்குறிப்பு எண் 712, கட்டடச் சுண்ணாம்பை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் மூன்று நமக்கு முக்கியமானவை. தூய சுண்ணாம்பு வெண்மையும் குழைவும் உள்ளது, மேற்பூச்சுக்கு ஏற்றது. வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் உருண்டைகளாகக் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சுட்டெடுக்கும் சுண்ணாம்பில் களிமண் கலந்திருப்பதால், அது ஈரத்திலும் ஓரளவு இறுகும், நிறம் மங்கல், கட்டுவேலைக்கு நல்லது. மூன்றாவது, மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு. சேலம் நகருக்கு வடக்கே உள்ள கரட்டை ஆங்கிலேயர் சாக்குமலை என்று வழங்கினர். உண்மையில் அங்குள்ள வெள்ளைக்கல் சாக்கும் அன்று, சுண்ணாம்பும் அன்று, மக்னசைட்டு. உலைகளுக்கான செங்கல் செய்ய உதவுவது. வெள்ளையாக இருக்கிறதே என்று அதனைச் சுண்ணாம்பென்று எண்ணிவிடக்கூடாது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு மிக மெதுவாகவே நீறும். நீறாத குருணை பூச்சுக்குள் தங்கிவிட்டால், மாதங்கள் கழித்து ஈரம்பட்டு உப்பி வெடித்து, சுவரில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழும். எந்தச் சுண்ணாம்பாயினும் நெடுநாள் ஊறவைத்துச் சல்லடையில் வடிப்பதே இதற்கு மருந்து.

நீற்றும் முறை பின்வருமாறு. தொட்டியில் முதலில் நீரை நிரப்பிக்கொண்டு, சுட்ட கல்லைச் சிறிது சிறிதாக அதில் இடவேண்டும். கல்லைக் குவித்துவைத்து அதன்மேல் நீரைக் கொட்டினால் கொதித்துச் சிதறும். குழந்தைகளை அண்டவிடக்கூடாது, கண்ணில் தெறித்தால் தூய நீரால் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து செய்வது நலம். கொதிப்பு அடங்கியதும் மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரற்கடை நீர் நிற்குமாறு மூடிவைக்க வேண்டும். மூன்று வாரம் குறைந்த அளவு. மூன்று மாதமாயின் வெண்ணெய் போலாகும். நீரடியில் இருக்கும்வரை கெடாது. தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொட்டி வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் வேண்டிய பொழுது எடுத்துக்கொள்ளலாம், செலவும் பங்காகும். கடையில் மூட்டையாக விற்கும் நீற்றிய தூளை வாங்குவோர், அது புதிதா என்று கேட்டு வாங்கி, ஒரு நாளாவது நீரில் ஊறவைத்துப் பயன்படுத்துக. பழைய மூட்டையில் பாதி காற்றிலேயே கல்லாகி உயிரற்றுப் போயிருக்கும்.

கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் சில நாள் நீரில் ஊறவைத்துப் புளித்த அந்நீரால் கலவையைக் குழைப்பது நம் முன்னோர் வழக்கம். பூச்சு விரைந்து உலர்ந்துவிடாமல் இணக்கமாக இறுக அது உதவுகிறது. கல்ராயன் மலைக் கடுக்காயும் பிலிக்கல்பாளையத்து வெல்லமும் நமக்கு எட்டாத பொருள்கள் அல்ல. ஆனால் வெல்லம் மிகுந்தால் பூச்சு இறுகத் தாமதமாகும். கடுக்காய் கிடைக்கவில்லை என்பதற்காக வேலையை நிறுத்தவும் வேண்டாம். நன்றாக ஊறிய சுண்ணாம்பும் நல்ல மணலும் பொறுமையும் இருந்தால் அவையே போதும்.

பூசும் முறை

காவிரி மணல் முன்போல எளிதில் கிடைப்பதில்லை. ஆலையில் உடைத்த மணலைப் பயன்படுத்துவோர், பூச்சுக்கென்று கழுவிச் சலித்த வகையைக் கேட்டு வாங்கவேண்டும். மாவு மிகுந்த மணலில் பூச்சு வலைவலையாக வெடிக்கும். கைப்பிடி மணலைக் கண்ணாடிக் குவளை நீரில் கலக்கி வைத்தால், மணல் உடனே படியும். மாவு மேலே கலங்கலாக நின்று மெதுவாகப் படியும். ஒரு மணி நேரத்தில் எது எவ்வளவு என்று கண்ணாலேயே காணலாம்.

செங்கற்சுவர், கருங்கற்சுவர்களுக்கு அடிப்படைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும். ஓதமுள்ள அடிப்பகுதியில் மணலின் ஒரு பங்குக்குப் பதிலாக நன்கு வெந்த செங்கலின் தூளைச் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். சுவரை முதல்நாள் மாலையும் பூசும் காலையும் நனைக்க வேண்டும்; உலர்ந்த சுவர் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். நூலுக்கு ஒத்தவாறு அங்கங்கே கலவையால் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்துப் பட்டை இழுத்து, பட்டைகளின்மேல் மட்டப்பலகையை ஓட்டி நடுவிலுள்ளதை நிரப்பவேண்டும். ஒரு படை அரையங்குலத்துக்கு மேற்படலாகாது. மேற்பரப்பைக் கரணையால் மழுங்க இழைக்காமல் கீறிவிடுங்கள். அடுத்த படை பிடித்துக்கொள்ளும். ஒரு படைக்கும் மறு படைக்கும் இடையே ஒரு வாரமோ பத்து நாளோ விடவேண்டும். அந்நாள்களில் நேர் வெயிலும் வறண்ட காற்றும் படாதவாறு நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, காலை மாலை நீர் தெளிக்கவேண்டும். கடைசிப் படைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பும் இரண்டு பங்கு மெல்லிய மணலுமாகக் கலந்து, கொத்தனார்கள் மணியாசுக்கட்டை என்னும் மரக்கட்டையால் வட்டமாகத் தேய்த்து முடிக்கலாம். சிறு வெடிப்பு தோன்றினால் ஈரமிருக்கும்போதே மறுபடி தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

மண்சுவருக்கு மண்பூச்சே முதல் படை. செம்மண் ஒரு பங்கும் மணல் இரண்டு அல்லது மூன்று பங்கும், நறுக்கிய வைக்கோலும் சேர்த்து ஒரு வாரம் மிதித்துப் புளிக்கவைக்க வேண்டும். மண்ணுக்கு மண் வேறுபடுவதால் அளவை நூலில் தேட வேண்டாம். சாணகல அளவில் மூன்று விதமாகக் கலந்து சுவரில் பூசி உலரவிட்டு, வெடிக்காததையும் விரலால் தேய்த்தால் உதிராததையும் தேர்ந்தெடுங்கள். தறியில் மிஞ்சும் பஞ்சுநூல் கழிவை வைக்கோலுக்கு மாற்றாக இடலாமா என்று ஓர் அம்மையார் கேட்டார். நானும் இட்டுப் பார்த்தேன். நீர்பட்டதும் அது பந்து பந்தாகத் திரண்டு கலவையோடு கலவாமற் போயிற்று. இரண்டங்குலமாக நறுக்கிய சணல் அவ்வாறு திரளவில்லை. மண்பூச்சு முற்றிலும் உலர்ந்தபின் மேலே மெல்லிய சுண்ணாம்புப் படை ஒன்று போதும்.

உப்பேறிய அடிச்சுவரைப் பற்றி ஒரு சொல். பழைய பூச்சை உப்புவரிக்கு ஓரடி மேல்வரை எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடைகாலம் முழுவதும் திறந்தே விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டவேண்டும்; நீரூற்றிக் கழுவினால் மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். திருமணம், காதுகுத்து என்று வீட்டில் விசேஷம் நெருங்கியிருப்போருக்கு இது கசப்பான அறிவுரை என்பதை அறிவேன். எனக்கும் அன்று ஒருவர் இதைத்தான் சொன்னார், நான் கேட்கவில்லை.

தறியைக் காத்தல்

பட்டு நெய்வோர் மிகவும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சுண்ணாம்பு காரம், பட்டு காரத்துக்குத் தாங்காது. பஞ்சுநூலில் படிந்த சுண்ணாம்புத் தூளை உதறிவிடலாம். பட்டில் ஈரத்தோடு படிந்தால் இழை வலுவிழந்து, நெய்யும்போது அறும். சரிகையின் ஒளியும் மங்கும். ஆகவே பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றுவதற்கு முந்திய இடைவெளியில் வேலையை வைத்துக்கொள்க. தறியைக் கழற்ற இயலாவிடில் விழுதும் பண்ணையும் உட்பட யாவற்றையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அடியிலும் கட்டிவிடவேண்டும். தறிக்குழியின் வாயையும் பலகையிட்டு அடைப்பது அவசியம்.

காலத்தில் தையும் மாசியுமே சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு உலராது. சித்திரை, வைகாசியின் அனலில் மேலே உலர்ந்து உள்ளே இறுகாமல் நின்றுவிடும். பொங்கலுக்குள் முடித்துவிடவேண்டும் என்று மார்கழியில் அவசரப்படுவதைவிட, பொங்கல் கழிந்து தொடங்குவது மேல்.

வெள்ளையடிப்பதிலும் இதே முறைதான். ஈரத்தை அடைக்கும் பிளாஸ்டிக் வகைச் சாயங்களைச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் அடித்தால், பட்ட பாடெல்லாம் பாழ். நீர்மோர்போல் இளகக் கரைத்த சுண்ணாம்பை வடிகட்டி, மூன்று நான்கு முறை மெல்லியதாக அடிக்கவேண்டும்; ஒட்டுதலுக்கு அரிசிக் கஞ்சியோ வச்சிரமோ சிறிது சேர்ப்பது பழைய வழக்கம். மரவள்ளிக் கஞ்சியும் உதவுகிறது. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

எங்கள் சுவரை இம்முறையில் செப்பனிட, கோடையில் உப்புத் துடைத்ததையும் சேர்த்துப் பதினொரு மாதங்கள் ஆயின. கிழக்கு மூலையில் நூல் கட்டிப் பார்த்தால் இன்றும் முக்கால் அங்குலம் கோணல் உண்டு. அங்கே மாட்டிய அலமாரியின் பின்னால் ஒரு மரத்துண்டு சொருகியிருக்கிறோம். உப்பு வரி முழங்காலுக்கும் கீழே, பழைய இடத்தில் நிற்கிறது. சென்ற மழைக்குப்பின் அவ்விடத்தில் கைப்பிடியளவு பூச்சு பொரிந்தது; தொட்டியிலிருந்து சிறிது சுண்ணாம்பெடுத்து ஒரு பிற்பகலில் நாங்களே பூசிவிட்டோம்.